வாய்க்காலில் என் பங்கு

குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றப் போகிறார்கள் என்று அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் எங்கள் ஊரில் தண்டோரா போட்டார்கள். கொள்ளிடக் கரையோரம் முக்கால் ஏக்கர் வாழைக்கொல்லை எங்கள் குத்தகையில் இருந்தது. எல்லாம் வாய்ப்பேச்சுதான், காகிதம் கிடையாது. என் புருஷன் செத்து ஆறு வருஷமாக நானே பயிர் வைத்து வந்தேன். பதிவேட்டில் பெயர் ஏறினால் யாரும் என்னைக் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த தார் வெட்ட நான் அங்கே இருக்க மாட்டேன்.

சாவடியில் விசாரணை. நிலக்காரர் ஸ்ரீரங்கத்து வீதியை விட்டு வரவில்லை; காரியஸ்தரை அனுப்பியிருந்தார். அந்த மனிதர் என்னைக் காட்டிக் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "இந்தம்மா கூலிக்கு வேலை பாக்குதுங்க. குத்தகையெல்லாம் கிடையாது."

அதிகாரி ரசீது கேட்டார். எங்கள் ஊரில் எவன் ரசீதைக் கண்டான்? சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் குத்தகைக்காரர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பேசினால் தங்கள் நிலமும் போய்விடும் என்ற பயம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

இவர்கள்தான் வருஷா வருஷம் கோடையில் வாய்க்கால் தூர் வாரும்போது என்னைப் படுத்தியவர்கள். பயிர் வைக்கிற ஒவ்வொரு வீடும் தன் பங்கு நீளத்தை வெட்டியாக வேண்டும் என்பது ஊர்க் கட்டு. புருஷன் செத்த வருஷம், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். முடியவே முடியாது என்றார்கள். மண்வெட்டியோடு நானே இறங்கினேன்.

பக்கத்துக் கொல்லைக்காரரைப் பார்த்துக் கேட்டேன்: "அண்ணே, கூலிக்காரிக்கு வாய்க்கால்ல பங்கு உண்டா?"

அவர் காரியஸ்தரை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப என்னை ஏன் வெட்டச் சொன்னீங்க? நான் யாருன்னு இப்பச் சொல்லுங்க. இல்லேன்னா ஆறு வருஷம் வெட்டினதுக்குக் கூலியை எடுத்து வைங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "கூலிக்காரங்களுக்குப் பங்கு கிடையாதுங்க. இவங்களுக்கு உண்டு. நாங்கதான் அளந்து விட்டோம். பயிர் இவங்களோடதுதான்."

பின்னாலிருந்து ஒருவர் "ஆமாங்க" என்றார். அப்புறம் எல்லாருமே சொன்னார்கள். அதிகாரி என் பெயரை எழுதிவிட்டு, கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்தினார். நான் ஐந்தாவது வரை படித்தவள். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் காரியஸ்தர் வழிமறித்தார். "இந்த ஆட்டம் எத்தனை நாளைக்குன்னு பாத்துடறேம்மா."

"வந்து பாருங்க," என்றேன். "கொல்லையிலதான் இருப்பேன்."