வாய் நிறைய பீடா

திட்டு வாங்கித்தான் தொழில் கற்றேன் என்று பெருமையடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நானும் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கியவன்தான். அதன் பலனாகத் தேர்வில் தோற்றேன்.

நாற்பத்திரண்டு வயதில் லாரி பழகப் போனேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. ஹைதராபாத்தில் நான் வேலை பார்க்கும் மத்திய அரசு நிறுவனத்தில் எங்கள் ஸ்டோர்ஸ் பிரிவை மூடப்போவதாகச் சொன்னார்கள். எங்களையெல்லாம் வடக்கே வேறொரு யூனிட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. இங்கேயே இருக்க ஒரு வழிதான் இருந்தது. போக்குவரத்துப் பிரிவில் ஒரு டிரைவர் இடம் காலி. மூன்று மாதத்துக்குள் ஹெவி லைசென்ஸ் கொண்டுவந்து காட்டினால் அது எனக்கு. மகள் பத்தாம் வகுப்பு. மனைவிக்கு மல்காஜ்கிரியில் பள்ளிக்கூட வேலை. குடும்பத்தை விட்டுத் தனியாகப் போவதையும் நினைக்க முடியவில்லை, அவர்களைக் கிளப்பிக்கொண்டு போவதையும் நினைக்க முடியவில்லை.

மல்லாபூரில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு டிரைவிங் ஸ்கூல். ஒரு பழைய லாரி, வாத்தியாராக ஒரே ஒரு உஸ்தாத். ராணுவத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பணியில் சில வருடம் ஆவடியில் இருந்திருக்கிறார். நான் தமிழன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அவருக்குத் தெரிந்த தமிழில் பெரும்பகுதி வசவு என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் புரிந்தது.

"கைக்கு ரே, காதுல என்ன பஞ்சா? கழுதை! கிளட்ச் மிதி!"

கைக்கு ரே என்றால் ஹைதராபாத் உருதில் ஏண்டா. கிளட்ச் கல்லாக இருக்கும். முதல் வாரமே இடது முழங்கால் வீங்கிவிட்டது. வலிக்கிறது என்று சொன்னால், "நக்கோ, நக்கோ, வேணாம், இறங்கிப் போ. ஆட்டோ ஓட்டு" என்பார். கத்தும்போது கதவை வெளிப்பக்கமாகக் கையால் அறைவார். மௌலா அலி ரயில் பாலத்தில் ஏறும்போது எதிரே வருகிறவர்கள்கூட எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் அலுவலகத்துக்காரர்கள் யாராவது இருப்பார்களோ என்று எனக்கு உடம்பு கூசும். அந்த ஆளை நான் வெறுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

வேறு ஸ்கூலுக்கு மாற நேரமில்லை. வசவை வசவாகவே எடுத்துக்கொண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவருடைய வசவுகளுக்கு ஒரு வரிசை இருந்தது. இரண்டாவது கியருக்கு நேரமாகிவிட்டால் "கழுதை". மூன்றாவதற்கு "எருமை". வேகம் குறைத்துக் கியரை இறக்க வேண்டிய இடத்தில் "தண்டச்சோறு". அர்த்தத்தை எடுத்துவிட்டு ஓசையை மட்டும் வைத்துக்கொண்டேன். கழுதை என்றால் இரண்டு, எருமை என்றால் மூன்று. மனசு தப்பித்தது. வண்டியும் ஓடியது. இரண்டு மாதத்தில் அவரே திட்டுவதற்கு இடையே தலையாட்டும் அளவுக்கு வந்துவிட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தேர்வு நாளில் உஸ்தாத் மர நிழலில் நின்றுகொண்டார். அதிகாரி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அமைதியான மனிதர். "போகலாம்" என்றார், அவ்வளவுதான்.

முதல் கியரில் கிளம்பினேன். வண்டி உறுமியது. நான் காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. வளைவு வந்தது, மேடு வந்தது, யாரும் என்னைக் கழுதை என்று கூப்பிடவில்லை. முதல் கியரிலேயே அலறிக்கொண்டு போய், மேட்டின் பாதியில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வண்டியை அணைத்துவிட்டேன். லாரி பின்னால் உருண்டது. அதிகாரிதான் கை பிரேக்கை இழுத்தார். "இன்னும் பழகிட்டு வாங்க" என்று மரியாதையாகத் தெலுங்கில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இத்தனை நாளும் நான் லாரி ஓட்டப் பழகவில்லை, உஸ்தாதின் குரலுக்குக் கை கால் அசைக்கப் பழகியிருக்கிறேன்.

மறுதேர்வு பதினைந்து நாள் கழித்து. அதிலும் போனால் வடக்கே போக வேண்டியதுதான்.

உஸ்தாத் நேரே எதிர்க் கடைக்குப் போய் ஜர்தா புகையிலை போட்ட பெரிய பீடா ஒன்றை வாங்கி, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வாயில் திணித்துக்கொண்டு ஏறினார். ஓட்டு என்று கையைக் காட்டினார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு மகள் ஞாபகம்தான். ரயில் பாலத்து ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது. நானும் நிறுத்தினேன். பஸ் மறுபடி நகர்ந்தது. உஸ்தாதுக்கு முகம் சிவந்தது. கத்த வேண்டும், வாய் நிறையச் சாறு. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் துப்பிவிட்டு அவர் உள்ளே வருவதற்குள் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் கிளம்பி, பாலத்து உச்சிக்கு வந்துவிட்டது. அவருக்குத் திட்ட ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு அப்போதுதான் என்ஜின் சத்தம் கேட்டது. அது இத்தனை நாளும் எந்த கியர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வீட்டில் மகள் கதவைத் திறந்ததும், "அப்பா, ஏமைந்தி?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று. நாங்கள் தமிழில் கேட்டாலும் தெலுங்கில்தான் பேசுவாள்.

"புட்டுக்கிச்சு. பதினஞ்சு நாள்ல மறுபடி."

"பாஸ் ஆகலேன்னா?" என்று அன்றைக்கு மட்டும் தமிழில் கேட்டாள்.

மறுநாள் காலை மௌலா அலி கமான் வளைவுக்குப் பக்கத்துக் கடையில் பீடா வாங்கிக்கொண்டு போனேன். ஜர்தா தூக்கலாக, இரண்டு வெற்றிலை வைத்துக் கட்டச் சொன்னேன். வண்டி கிளம்பும் முன் நீட்டினேன். உஸ்தாத் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான், உஸ்தாத்."

நல்ல பீடாவைப் பாதியில் துப்ப யாருக்குத்தான் மனசு வரும்? கண்ணை உருட்டுவார், தொடையைத் தட்டுவார், கதவை அறைவார். வாயைத் திறக்கும் நேரத்துக்குள் நான் கியரை மாற்றியிருப்பேன். பதினைந்து நாளும் பீடா. ஒருநாள் கடை மூடியிருந்தது. வேறு கடை தேடி ஸ்கூட்டரில் அலைந்தேன். அவர் வாயை அடைக்கத்தான் இவ்வளவு பாடு. ஒவ்வொரு நாளும் அவர் ஆசையாக அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு போட்டுக்கொள்ளும்போது எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும்.

மறுதேர்வில் அதே அதிகாரி, அதே அமைதி. மேட்டில் நிறுத்தினேன், கிளப்பினேன், இறங்கினேன். அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வேலை உறுதியானதும் ஸ்வீட் பாக்ஸோடு ஸ்கூலுக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், முப்பது வயதிருக்கும், லாரிக்குப் பக்கத்தில் முகம் வாடி நின்றுகொண்டிருந்தார். என்ன நடந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உஸ்தாத் என் தோளில் கை போட்டு என்னை அந்தப் பெண்ணிடம் காட்டினார். எத்தனையோ பேர் தன்னிடம் பழகிப் போயிருக்கிறார்கள், லைசென்ஸ் கைக்கு வந்தால் ரோட்டில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், உஸ்தாதுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்துத் தினமும் வாங்கி வந்தவன் இவன் ஒருத்தன்தான் என்று ஹிந்தியில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் உன்னை எவ்ளோ திட்னேன். நீ எனக்கு பீடா குடுத்தே. நல்ல மனசு ரே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் மேல் இருந்த வெறுப்பு அந்த நிமிடமே கரைந்துவிட்டது என்று எழுதினால் பொய். அது அப்படியேதான் இருந்தது. ஆனால் ஸ்வீட் பாக்ஸை நீட்டிய என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கேட் வரைக்கும் அந்தப் பெண் என் பின்னாலேயே வந்தார். எந்தக் கடை பீடா என்று தெலுங்கில் கேட்டார். கமான் பக்கத்துக் கடையைச் சொன்னேன். ஜர்தா தூக்கலாகப் போடச் சொல்லுங்கள், பெரிதாகக் கட்டச் சொல்லுங்கள், வண்டி கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள் என்றேன்.

முன்பே எதற்கு என்று அந்தப் பெண் கேட்டார்.

உஸ்தாதுக்குப் பிடிக்கும் என்றேன்.