பீரோவுக்குள் இருந்த கிண்ணம்

"மூச்சை விடுங்க."

"விட்டுட்டேன்."

"விடலை. இன்னும் புடிச்சிட்டுத்தான் இருக்கீங்க."

"இதுக்கு மேல விட்டா உயிர் போயிடும் டேப்பக்கா."

ஐந்து வருடமாக அவளுடைய ஒவ்வொரு காலையும் இப்படித்தான் விடிகிறது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்றால் போதும், அந்த வீட்டில் இருக்கிற அத்தனை தொப்பையும் முதுகெலும்போடு போய் ஒட்டிக்கொள்ளும். தராசில் ஏறச் சொன்னால் மூக்குத்தியைக்கூடக் கழற்றிவிட்டு ஏறுவார்கள். ஏறிய பிறகு, எண் பிடிக்காவிட்டால், தரை சாய்வாக இருக்கிறது என்பார்கள். டேப்பக்கா என்ற பெயர் அந்தத் தெருக்களில் இப்படித்தான் அவளுக்கு ஒட்டியது. சொந்தப் பெயர் அவளுக்கே சில நாள் மறந்து போகும்.

உணவு ஆய்வு நிலையத்தில் அவளுக்கு வேலை. நம் மக்கள் பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் உடம்புக்குள் ஏன் இவ்வளவு கொழுப்பு சேர்கிறது, சர்க்கரை நோய் ஏன் இத்தனை சின்ன வயதில் வந்து நிற்கிறது என்று பார்க்கும் ஆய்வு. ஊரைப் பத்து வார்டாகப் பிரித்து, வார்டுக்கு ஓர் ஆளாகப் போட்டிருந்தார்கள். அவளுடைய வார்டில் நூற்றெண்பத்திரண்டு வீடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் விடிந்ததும் போய், வெறும் வயிற்றில் எடை, இடுப்புச் சுற்றளவு, கொழுப்பு எல்லாம் அளக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து, நேற்று முழுக்க என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அச்சடித்த பாரத்தில் எழுத வேண்டும். அளவு எல்லா வீட்டிலும் ஒன்றாக இருப்பதற்காக வீட்டுக்கொரு எவர்சில்வர் கிண்ணம் நிலையமே கொடுத்திருந்தது. அடியில் எண் வெட்டிய கிண்ணம். பரிமாறும்போது அதில் அளந்து போட்டுக்கொள்ள வேண்டும், கேட்கும்போது எத்தனை கிண்ணம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இந்த வேலையை அவள் சும்மா பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. அவளுடைய அப்பா குச்சி மாதிரி இருந்தவர். "இந்த உடம்புக்கு என்ன வியாதி வரப்போகுது" என்று ஊரே சொன்னது. நாற்பத்தாறு வயதில் கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்து, அது ஆறாமல் முழங்கால் வரை ஏறி, அவரை வாரிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த பிறகுதான் சர்க்கரை என்ற வார்த்தையே அந்த வீட்டுக்குள் நுழைந்தது. அன்று மூலையில் உட்கார்ந்து அழுத பெண்தான் இன்று கழுத்தில் நாடாவோடு தெருத்தெருவாக நடக்கிறாள். காய்ச்சலிலும் நடந்தாள். மகளுக்குப் பிரசவ வலி எடுத்த காலையிலும் இரண்டு வீட்டை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அப்படிப்பட்டவளைத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் புள்ளிவிவரக்காரர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு.

"உங்க வார்டு ஜனங்க சாப்பிடறதே இல்லையாம்மா?" என்றார் புள்ளிவிவரக்காரர்.

"புரியலைங்க சார்."

"நீங்க எழுதிக் கொடுத்த சாப்பாட்டை அஞ்சு வருஷம் சாப்பிட்டிருந்தா இவங்க எல்லாம் எலும்பும் தோலுமா கிடக்கணும். ஆனா இடுப்பு என்னடான்னா வருஷா வருஷம் ஏறுது. மத்த ஒன்பது வார்டுலயும் கணக்கு ஒத்துப் போகுது. உங்களோடது மட்டும்தான் காத்தைக் குடிச்சுக் கொழுக்குது."

பெரிய டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வீட்டுக்குப் போகாமலே பாரத்தை நிரப்பறது சில இடங்கள்ல நடக்குது. நான் உங்களைச் சொல்லலை. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா உங்க வார்டை மொத்தமா எடுத்துடுவோம். அந்த அஞ்சு வருஷமும் ஆய்வுல இருக்காது."

நான் உங்களைச் சொல்லலை என்று அவர் சொன்ன விதத்திலேயே யாரைச் சொல்கிறார் என்பது தெரிந்துவிட்டது. ஐந்து வருடம். தேய்ந்து தூக்கிப்போட்ட செருப்பே பதினொரு ஜோடி. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். அழலாம் என்று பார்த்தாள், எரிச்சல் முந்திக்கொண்டது.

வீட்டில் சொன்னால் கணவர், "உனக்கெதுக்கு இந்தத் தலைவலி, விட்டுத் தொலை" என்றார். இருபத்தாறு வருடமாக அவர் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதில்.

"உங்க தங்கச்சியும் என் வார்டுலதான் இருக்கா. அவளும் காத்தைத்தான் குடிக்கிறாளாம், தெரியுமா?"

"அவளா?" என்று சிரித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

அந்தச் சிரிப்புதான் அவள் மண்டைக்குள் மணி அடித்தது. நாத்தனார் வீடும் ஆய்வுக்கு வீடு எடுத்த சீட்டுக் குலுக்கலில் அவள் வார்டில் விழுந்த வீடு. பாரத்தில் அவள் சாப்பாடு எப்போதும் மதியம் இரண்டு கிண்ணம், ராத்திரி ஒன்று. இருபது தடவையும் அதே பதில். இருபது தடவையும் காலை ஏழு மணிக்கு, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் கேட்ட பதில். யோசித்துப் பார்த்தால், இந்த ஐந்து வருடத்தில் தன் வார்டில் ஒருவர்கூடச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நாத்தனார் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"வாங்க அண்ணி, வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க, உக்காருங்க சாப்பிட." அவள் கையில் குழியான பெரிய கரண்டி ஒன்று இருந்தது. பானைக்குள் போய் மலை போலச் சோற்றை அள்ளித் தட்டில் கவிழ்த்தது. இன்னொரு மலை.

"இது எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டு என்ன?"

"ரெண்டு தடவை போட்டேன்ல. இதைத்தான் ரெண்டு கிண்ணம்னு எழுதிக்குவீங்க."

"கரண்டியால போட்டுட்டு ஏன் கிண்ணம்னு சொல்றே?"

"கரண்டின்னு உங்க பாரத்துல கட்டம் இல்லையே. முதல் தடவை கரண்டின்னுதான் சொன்னேன், நீங்கதான் கிண்ணத்துல சொல்லு, கிண்ணத்துல சொல்லுன்னு என் உயிரை எடுத்தீங்க."

டேப்பக்கா நெற்றியைத் தேய்த்தாள். "நான் கொடுத்த கிண்ணம் எங்கே?"

நாத்தனார் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பூத்துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்றோடு வந்து பெருமையாகப் பிரித்தாள். கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த பளபளப்பு அப்படியே இருந்தது.

"ஒரு கீறல் இருக்கா பாருங்க. இந்த வீட்டுல என் நகைக்குக்கூட இவ்வளவு பத்திரம் கிடையாது."

"இதை எதுக்குடி பீரோவுல வெச்சே? சோறு அளக்கத்தானே கொடுத்தேன்."

"நல்லாக் கேட்டீங்க போங்க. நீங்கதானே அண்ணி சொன்னீங்க? இது ஆபீஸ் சொத்து, தொலைஞ்சாலோ நசுங்கினாலோ என் வேலை போயிடும், கண்ணு மாதிரி பார்த்துக்கன்னு. அன்னைக்கு உங்க முகத்தைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு. எடுத்துப் புழங்கினா நசுங்காதா?"

டேப்பக்காவுக்கு அந்த முதல் வாரம் கண்முன் வந்து நின்றது. வேலைக்குப் புதிது. நூற்றெண்பத்திரண்டு கிண்ணத்துக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தாள். ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும் என்று ஸ்டோர்க்காரர் மிரட்டியிருந்தார். அந்தப் பயத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அளந்து போடுங்கள் என்று ஒரு தடவை சொன்னாள். பத்திரம், பத்திரம் என்று பத்துத் தடவை சொன்னாள்.

வெயிலைப் பார்க்காமல் அடுத்தடுத்து ஆறு வீடு ஏறி இறங்கினாள். தையல்காரி வீட்டில் கிண்ணம் கண்ணாடி அலமாரியில், மகன் பந்தயத்தில் ஜெயித்த கோப்பைகளுக்கு நடுவில் இருந்தது. லாரி டிரைவர் வீட்டில் பத்திரப் பெட்டிக்குள். ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் வாரா வாரம் துலக்கித் துடைத்து வைக்கிறார்களாம். "உங்க வேலைக்கு எங்களால ஒரு குறை வரக்கூடாதும்மா" என்றார் வாத்தியார்.

தெருமுனைக்கு வந்ததும்தான் அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது? ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்க்கலாம். இவர்கள் அவளுக்காக அல்லவா பூட்டி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பாசத்தை வைத்துக்கொண்டு மனுஷி என்னதான் செய்வாள்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரின் அறைக்குள் அவள் ஒரு துணிப்பையோடு நுழைந்தாள். உள்ளேயிருந்து நாத்தனாரின் கரண்டி, நாத்தனாரின் கிண்ணம், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு தட்டு என்று மேஜைமேல் எடுத்து வைத்தாள். வார்டுக்காரர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டால் வேலை தப்பும் என்பது வழியெல்லாம் அவளுக்குத் தோன்றிக்கொண்டுதான் வந்தது. வாத்தியாரின் முகமும் கூடவே வந்தது.

கரண்டியில் தண்ணீரை நிரப்பிக் கிண்ணத்தில் ஊற்றினாள். கிண்ணம் நிறைந்து, வழிந்து, தட்டில் ஓடியது. கரண்டியில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

"இவங்க இந்தக் கரண்டியால சாப்பிட்டாங்க. நான் அந்தக் கிண்ணம்னு எழுதினேன். கிண்ணத்தைப் பத்திரமா வைக்கச் சொன்னது நான். ஒரு தடவையாவது சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ப் பார்க்காததும் நான். அவங்க பேர்ல தப்பு இல்லைங்க சார். ஆனா நான் போகாத வீடுன்னு ஒண்ணு கிடையாது. இடுப்பு, எடை, கொழுப்பு, எல்லாம் என் கையால அளந்தது."

புள்ளிவிவரக்காரர் தட்டில் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இந்த அஞ்சு வருஷத்துல அவங்க கரண்டியை மாத்தினாங்களா?"

"வீட்டுக் கரண்டியை யாருங்க சார் மாத்துவா? அது கூடவே கிடக்கும்."

"அப்போ ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் எவ்வளவு கொள்ளும்னு தெரிஞ்சா பழைய கணக்கைத் திருத்திடலாம்." அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் நாள்காட்டியைப் பார்த்தார்.

"பதினெட்டு நாள்" என்றார் டாக்டர்.

பதினெட்டு நாளும் டேப்பக்கா அளவுக் குவளையும் தண்ணீருமாக அலைந்தாள். கரண்டியை எடுத்து வரச் சொன்னால் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து எடுத்து வந்தார்கள். "பானைக்குள்ள கிடக்கே, அதைக் கொண்டாங்க" என்று வீட்டுக்கு வீடு கத்தித் தொண்டை கட்டிப் போனது. எல்லா வீட்டையும் முடித்து அவள் தாளை நீட்டிய மூன்றாம் நாள், புள்ளிவிவரக்காரர் தாழ்வாரத்தில் எதிரே வந்தார். நிற்காமல், "உங்க வார்டு தப்பிச்சுதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வருடத்துக்கு மூன்றே வார்த்தை. அவளுக்கு அப்பாவின் கால் விரல் ஏனோ ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த சுற்றில் முதல் வீடு நாத்தனார் வீடு. காலை ஏழு மணி. கிண்ணம் அடுப்பு மேடையில் கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கி, அடி கறுத்து, விளிம்பில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

"திட்டாதீங்க அண்ணி, கை தவறிக் கீழே போட்டுட்டேன்."

டேப்பக்கா அந்த நசுங்கலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "நேத்து மத்தியானம் எத்தனை?"

நாத்தனார் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "அஞ்சு" என்றாள் மெதுவாக. "இதுக்கு முன்னாடி ரெண்டுதான் சாப்பிட்டுட்டு இருந்தேன். நீங்க வந்து ஏத்தி விட்டுட்டீங்க."

டேப்பக்கா ஐந்து என்று எழுதினாள். நாடாவை எடுத்து நாத்தனாரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். பிடித்தவுடனே நாடா தொளதொளவென்று தளர்ந்தது.

"மூச்சை விடுடி" என்றாள்.