நன்மைக் கிராதியில் பூத்த வெள்ளை

வக்கீல் வீட்டு மேஜை

கோபாலபுரத்து வக்கீல் ஒருவர் வீட்டு டைனிங் மேஜை வெளுத்துப் போன அன்றுதான் என் பிழைப்பு சந்தி சிரித்தது. உலகச் சண்டைக் காலம். லஸ் பக்கம் ஒரு மரச்சாமான் பட்டறையில் நான் பிரெஞ்சு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றிய பொட்டலத்தால் மரத்தின் மேல் சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். சரியாகப் போட்டால் முகம் தெரியும். ஸ்பிரிட்டில் தண்ணீர் சேர்ந்தால் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். அதைப் பூத்துப் போவது என்போம்.

வக்கீல் பட்டறைக்கே வந்துவிட்டார். "என்னய்யா வேலை பண்ணியிருக்கேள்? ஆத்துக்கு நாளைக்குச் சம்பந்தி வரா. மேஜை பூசணம் பிடிச்சாப்பல நிக்கறது."

மேஸ்திரி காதர் பாய் அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார். பிறகு என் ஸ்பிரிட் புட்டியை முகர்ந்து பார்த்தார். என்னையும் முகர்ந்து பார்த்தார்.

"நீ குடிச்சுட்டு, கொறைஞ்சதுக்குத் தண்ணி ஊத்தி வெச்சுகீற. இல்லேன்னு சொல்லு பாப்பம்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் நாறும்.

"சாராயம் குடிக்கிறவனப் பாத்துகீறேன் சவரி. தொழில் சாமானையே குடிக்கிறவன இப்பதான் பாக்கறேன். கண்ணு அவிஞ்சுபூடும்டா. போ, வூட்டுக்குப் போ."

நான் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. என் மனைவி ஞானம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். பாலிஷ் ஏன் பூக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பட்டறை ஆட்கள் விவரமாகவே சொல்லிவிட்டார்கள், புண்ணியவான்கள்.

பொட்டலத்தோடு ஒரு மந்திரம்

மறுநாள் மாதா கோயில் விடியற்காலைப் பூசைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். பூசை முடிந்ததும் சாமியாரிடம் நிறுத்தினாள். குடித்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தேன். இனி குடிப்பதில்லை என்று தேவமாதா சுரூபத்தின் முன் வார்த்தைப்பாடு கொடுத்தேன்.

"வார்த்தைப்பாடு குடுத்தாச்சு. ஆனா உன் தொழிலே ஸ்பிரிட்டாச்சே சவரி," என்றார் சாமியார். "குடிக்கக் கூடாது, குடிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா அதே நெனப்பாத்தான் இருக்கும். பொட்டலத்தைச் சுழட்டுற நேரம் பூரா 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லு. வாய்க்கும் வேலை, கைக்கும் வேலை."

காதர் பாய் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். புட்டி அவரிடம் இருக்கும். வேண்டியதை அவரே ஊற்றித் தருவார். முதல் சில நாள் உடம்பு உதறியது. ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறினாலே நாக்கு ஊறும். மந்திரத்தைச் சொல்லிச் சொல்லித் தேய்ப்பேன். ஒரு நாற்காலிக்கு முழு ஜெபமாலை ஆகிவிடும். "உன் மாதா நல்லாத்தான் பாலிஷ் போடறாங்கோ," என்று பாய் கேலி செய்வார். மெல்ல மெல்ல ஆசை அடங்கியது. பிறகு ஒரு நாள் புட்டியை என் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்றைக்கு அழுதேன், வெட்கமில்லாமல்.

மாதா பாத்துக்குவா

அடுத்த வருஷம் அமலோற்பவ மாதா திருநாளுக்கு முன்னால் சாமியார் என்னைக் கூப்பிட்டார். பீடத்துக்கு முன்னால், பூசையில் தரும் அப்பமான நன்மையை வாங்க ஜனங்கள் முழங்கால் போடும் மரத் தடுப்புக் கிராதிக்குப் பாலிஷ் போட்டுத் தர முடியுமா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூலி வேண்டாம் என்றேன்.

ஆனால் அடைமழை. காதர் பாய் தடுத்தார். "ஈரக் காத்துலயும் பூக்கும்டா. மழ வுடட்டும்."

"கோயில் வேலை பாய். மாதா பாத்துக்குவா."

"பாத்துக்குவாங்கோ. உனக்கு அறிவு குடுத்ததும் அவங்கதான?"

நான் கேட்கவில்லை. மழைச் சாரலுக்கு நடுவே போட்டு முடித்தேன். முடிக்கும்போதே எனக்கும் சந்தேகம்தான். வீட்டில் மூச்சு விடவில்லை.

திருநாள் காலையில் ஞானம் பீடத்துக்குப் பூ வைக்க முன்னாலேயே போய்விட்டாள். நான் போனபோது பூசை தொடங்கியிருந்தது. கிராதி முழுக்க வெள்ளை. எல்லாரும் எழுந்து நன்மை வாங்கப் போனார்கள். ஞானம் போகவில்லை. தலையில் போட்ட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் நன்மை வாங்கல?"

"சாமியாரு வந்து இன்னா ஞானம் இப்டிக் கீதுன்னு கேட்டாரு. நான்தான் ஈரத்துணி போட்டுத் தொடைச்சுட்டேன்னு சொல்லிட்டேன். திருநாளும் அதுவுமா கோயிலுக்குள்ளயே பொய். அந்த வாயில எப்டி வாங்கறது?"

"இன்னாத்துக்குப் பொய் சொன்ன?"

"நீ அசிங்கப்படக் கூடாதுன்னுதான்."

"நான் குடிக்கல ஞானம். மழை ஈரம்."

"சரி," என்றாள். "வா, போலாம்."

சாமியாரிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன், அவர் நம்பினார். மழை விட்டதும் கிராதியைச் சரி செய்தேன். காதர் பாய் வீட்டுக்கே வந்து எனக்காகச் சாட்சி சொன்னார். "நீங்க சொன்னா சரிதான் பாய்," என்று ஞானம் டீ போட்டுக் கொடுத்தாள். அன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் புதிதாக ஒரு ஜெபம் சேர்த்தாள். குடியில் விழுந்தவர்களுக்காக.

இப்போது பாலிஷ் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஈரக் காற்றில் பொட்டலத்தைத் தொடாதீர்கள். குடியை விட்ட ஆளாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. வேலை கெடும் என்று தெரிந்தால் ஊர் பார்க்குமுன் வீட்டில் சொல்லிவிடுங்கள். என் மனசாட்சி சுத்தம், மாதாவுக்குத் தெரியும் என்று நான் இருந்துவிட்டேன். மாதாவுக்குத் தெரிந்ததை ஞானத்துக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அவளோ கண் மூடும் வரை அந்த ஜெபத்தை ஒரு நாளும் விட்டதில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டேன். "அத விட்டுடேன் ஞானம்."

"சொன்னா உனக்கு இன்னா கஷ்டம்?" என்றாள்.

அன்றிரவும் அவள் அந்த ஜெபத்தைச் சொல்லி முடித்ததும் வழக்கம்போல் நானும் ஆமென் சொன்னேன்.