நாகமணி கேட்ட கேள்வி

நாகமணிக்கு நாற்பத்திரண்டு வயது. சபாக்கிலிருந்து உள்ளே போகிற ஆறாங்கட்டைத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்குகிறவள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் மாதர் பகுதிக்கு அவள்தான் தலைவி. தேர்தல் வந்தால் எந்தச் சின்னத்துக்குப் போடலாம் என்று லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் அவளிடம்தான் கேட்பார்கள். அவளும் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கி, யோசிப்பதுபோல் கண்ணை மூடித் திறந்துவிட்டுச் சொல்வாள். அத்தனை பேரும் தன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தை அவள் மிகவும் விரும்பினாள்.

எண்பத்தாறாம் ஆண்டுத் தேர்தலில் அது அவள் கையைவிட்டுப் போயிற்று.

ஆளும் தரப்பை எதிர்த்து அந்தத் தொகுதியில் இருவர் நின்றார்கள். இருவருமே தொழிலாளர் பக்கம் பேசுகிறவர்கள். சோமு தோட்டத்தில் பிறந்து சங்கத்தில் வளர்ந்தவர். வைரவநாதன் கிள்ளானில் வழக்கறிஞர். நாகமணி சோமுவின் ஆள். "நம்ம ஆளு, நம்ம கஷ்டம் அவருக்குத் தெரியும்" என்பதற்கு மேல் அவள் காரணம் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கலாவதி வாயைத் திறந்தாள். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வருடமான இளம்பெண். பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள், இந்த இரண்டு பேருக்கும் என்னதான் வித்தியாசம் என்று பேச்சுவாக்கில் கேட்க, அவள் நிதானமாகச் சொன்னாள்.

"வரியை எடுத்துக்குங்க. சீனி, பால் டின்னு, மண்ணெண்ணெய்க்கு வரி வேணாம்ங்கிறாரு சோமு அண்ணன். பெரிய கம்பெனி லாபத்துல கூடுதலா வரி போடணும்ங்கிறாரு வைரவநாதன். நம்ம அடுப்புக்கு உடனே உதவுறது சோமு அண்ணன் சொல்றதுதான். ஆனா ஓட்டு விஷயத்துல மத்தவரு பரவால்ல. டவுன் கவுன்சிலுக்கும் நாமளே ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பணும்ங்கிறாரு. சோமு அண்ணன் ஓட்டுப் பெட்டிய தோட்டத்துக்குள்ளயே வைக்கணும்ங்கிறாரு. மேனேஜரு பாத்துக்கிட்டிருக்க ஆப்பீஸ் வாசல்ல நின்னு ஓட்டுப் போட நமக்கு பயமா இருக்காதா?"

"சம்பளம்?" என்றாள் வள்ளியம்மா. அவள் நாகமணியோடு ஒரே நிரையில் பழம் பொறுக்குகிறவள்.

"சோமு அண்ணன் மாசச் சம்பளம்ங்கிறாரு. மத்தவரு இவ்வளவுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு சட்டம் வேணும்ங்கிறாரு. ரெண்டும் நல்லதுதான். ஆனா மழை பேஞ்சு வேலை இல்லாத நாளுக்கு யாரு குடுப்பான்னு ரெண்டு பேருமே சொல்லலையே. அதைத்தான் கேக்கணும்லா."

கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்ற நாகமணி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். பெண்கள் பூவைக் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கலாவதியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தனக்கு யாரைப் பிடிக்கும் என்றுகூடச் சொல்லவில்லை. "நீங்களே யோசிச்சுப் போடுங்க" என்றுவிட்டு எழுந்து போனாள். அதுதான் நாகமணிக்குத் தாங்கவில்லை. இத்தனை காலம் தான் ஒருத்தியிடம்கூட யோசி என்று சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த வாரம் முழுக்க எங்கே திரும்பினாலும் "கலாவதி சொன்ன மாதிரி" என்றே காதில் விழுந்தது. குழாயடியில் அதே பேச்சு, டிராக்டரில் அதே பேச்சு. வீட்டில் புருஷன் செல்லனும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தப் புள்ள விவரமாத்தான் பேசுது" என்றான். நாகமணி குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தாள். கலாவதியின் மெலிந்த கழுத்து, இஸ்திரி போட்ட சேலை, சிரிக்கும்போது தெரிகிற தெற்றுப்பல் எல்லாமே அவளுக்குக் கரித்தது.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டில், பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள்: "சும்மாவா பேசுறா? காசுக்குத்தான். அந்த லாயர்கிட்ட டுயிட் வாங்கியிருக்கா."

யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. நாகமணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்தப் பேச்சு ஆப்பீஸ் கணக்கு பார்க்கிற கிராணி கார்த்திகேசுவின் காதுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் பிடித்தது. அவர் யாழ்ப்பாணத்து மனிதர், வம்பு என்றால் ஒதுங்கிப் போகிறவர். தோட்டத்துக் கட்டடத்தில் கட்சிக் காசு வாங்கிய ஆள் பாடம் நடத்தக்கூடாது என்று பாலர் பள்ளியைப் பூட்டிவிட்டார். கலாவதியின் மாமியார் அவளை வாசல் தாண்ட விடவில்லை.

கேள்விப்பட்டதும் நாகமணிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அன்று வழக்கத்தைவிட ஒரு பிடி சோறு கூடச் சாப்பிட்டாள்.

தேர்தலுக்கு முந்திய வாரம் பக்கத்து ஊரான சுங்கை ஆயர் தாவாரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இரண்டு வேட்பாளர்களையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். தோட்டத்துப் பெண்கள் லோரியில் போனார்கள். கேள்வி கேட்கலாம் என்றதும் எல்லாரும் நாகமணியைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடித் திறந்தாள். கேட்க எதுவுமே தோன்றவில்லை. கடைசியில் வாயில் வந்தது வேறொருத்தியின் கேள்வி.

"மழை பேஞ்சு வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா? யாரு குடுப்பா?"

கைதட்டல் தகரக் கூரையில் மோதியது. சோமு தடுமாறினார். மாசச் சம்பளம் என்றால் வேலைக்கு வந்த நாளைக் கணக்குப் பார்த்துத்தான் என்று இழுத்தார். வைரவநாதன், வேலைக்கு வந்து நின்றவர்களை மழை என்று திருப்பி அனுப்பினால் கம்பெனிதான் கொடுக்கவேண்டும், அதைச் சட்டத்தில் எழுத வைப்பேன் என்றார். பிறகு அவளைப் பார்த்து, "அருமையான கேள்வியம்மா, நீங்களா யோசிச்சது?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் நாகமணி.

திரும்பி வரும்போது லோரியில் யாரும் அவளைப் பாராட்டவில்லை. தோட்டத்தில் இறங்கிய பெண்கள் நேராகக் கலாவதி வீட்டு ஜன்னலுக்குப் போய் நின்றார்கள். இரண்டு பேரும் என்ன சொன்னார்கள் என்று அவளிடம் ஒப்பித்து, இப்போது யாருக்குப் போடலாம் என்று கேட்டார்கள். வள்ளியம்மா மட்டும் நின்று சொன்னாள்: "அவ கேள்விய நீ கேட்ட. பரவால்ல. அவ சோத்துலயுமா மண்ணைப் போடணும்?"

நாகமணி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் பழம் பொறுக்கும்போது கை ஓடவில்லை. பூட்டிக் கிடந்த பாலர் பள்ளி வாசலில் பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்திருந்ததை வேலைக்குப் போகிற வழியில் பார்த்திருந்தாள். மத்தியானம் குளிக்காமல்கூட ஆப்பீசுக்குப் போனாள்.

"ஐயா, கலாவதி யார்கிட்டயும் காசு வாங்கல. நான் கட்டிவிட்ட பொய் அது."

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப வந்து சொல்லுறாய்? அந்தப் பிள்ளை உனக்கு என்ன செய்தது?"

"ஒண்ணும் செய்யலைங்க."

பள்ளி திறந்த அன்று கலாவதியே அவளைத் தேடி வந்தாள். நன்றி சொல்ல வரவில்லை.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது."

"இப்பவுமா?"

"இப்பவும்தான்."

கலாவதி போகத் திரும்பினாள். "நீங்க கேட்டீங்கல்ல, அந்தக் கேள்வி. நான் எந்திரிச்சிருந்தா என் கால் நடுங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேர்தலில் இரண்டு பேருமே தோற்றார்கள். ஓட்டு உடைந்ததில் மூன்றாமவரான ஆளும் தரப்பு ஆள் சுலபமாக ஜெயித்தார். நாகமணி வைரவநாதனுக்குத்தான் போட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் சோமு என்றே சொன்னாள்.

அடுத்த மழைக்காலத்தில், மழை நாள் சம்பளம் கேட்டுச் சங்கத்து ஆட்களைப் பார்க்க மாதர் பகுதியிலிருந்து இரண்டு பேர் கோலசிலாங்கூருக்குப் போகவேண்டியிருந்தது. பேச நாகமணி, எதைப் பேசுவது என்று சொல்ல கலாவதி. சுங்கை பெசாரில் பஸ் நின்றபோது கலாவதி இறங்கி இரண்டு பொட்டலம் கச்சான் கடலை வாங்கி வந்து ஒன்றை நீட்டினாள். பஸ்ஸில் இருந்த கிழவர் ஒருவர், "உங்க மகளா? கெட்டிக்காரப் பொண்ணா தெரியுது" என்றார் நாகமணியிடம்.

"மகளும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற மேனேஜரைப் பற்றி முதலில் பேசுவதா, மழை நாள் சம்பளத்தைப் பற்றி முதலில் பேசுவதா என்று, முகத்தைத் திருப்பாமலே கலாவதியிடம் கேட்டாள்.