கிணற்றில் தங்கிய வாயு

2007இல் ஒரு மாலை, திருத்தணிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஷாலினி தன் அம்மாவிடம் சொன்னாள்: "ஏரோப்ளேன், லாரி, பஸ், நம்ம வெறகடுப்பு, எல்லாத்துலேர்ந்தும் கரியமில வாயு வந்துகினே இருக்குதும்மா. கண்ணுக்குத் தெரியாது. மேல சேந்துகினே போவுது."

அரிசி களைந்துகொண்டிருந்த தேவகியின் கை நின்றுவிட்டது. "போதும், வேற எதுனா பேசு," என்றாள். அந்த வாயுவை அவளுக்குத் தெரியும்.

ஷாலினி சிறுமியாக இருந்தபோது, தேவகியும் அவள் கணவன் துளசிங்கமும் பள்ளிப்பட்டு சாலையோரம் ஜெகநாதனின் நிலத்தில் கூலி வேலை பார்த்தார்கள். மழை பொய்த்த வருடம். தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டதால், தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினையே கிணற்றுக்குள் இறக்கிப் பாறைத் திட்டில் வைத்திருந்தார்கள். அன்று அது இருமி இருமித் தானாகவே நின்றது. என்னவென்று பார்க்கத் துளசிங்கம் இறங்கினான். திட்டை அடைந்தவன், தூக்கம் வந்தவனைப் போல உட்கார்ந்தான். அப்படியே சாய்ந்தான். கத்தவில்லை, வழுக்கி விழவுமில்லை. மேலிருந்து பார்த்த தேவகிக்கு அதுதான் சரியாகப் படவில்லை.

துளசிங்கத்தின் அண்ணன் வீராசாமி படியில் கால் வைத்தான். தேவகி பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பாவா, எறங்காதீங்க! உள்ள என்னமோ இருக்குது!"

"வுடு! உன் புருஷன் கீழ சாவறான்!"

"நீங்களும் வுழுந்துட்டா யாரு தூக்கறது?"

அவன் திமிறியதில் முழங்கை பட்டு அவள் உதடு கிழிந்தது. பிடியை விடவில்லை. புருஷனைக் காப்பாற்றுகிறோமா, கொல்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெகநாதனும் ஆட்களும் ஓடிவந்தார்கள். தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக உள்ளே கொட்டினார்கள். புங்கங்கிளைகளைக் கயிற்றில் கட்டி, இறக்கி ஏற்றிக் காற்றைக் கலக்கினார்கள். அதன் பிறகுதான், வீராசாமியின் இடுப்பில் கயிறு கட்டி இறங்கவிட்டாள் தேவகி.

மேலே வந்த துளசிங்கத்தின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இழையாக ஓடியது.

"இன்ஜின் விட்ட கரியமில வாயு கீழயே தங்கிடுச்சு. சுவாசிக்கக் காத்தே இல்ல," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "உடனே பின்னாடி எறங்கியிருந்தா ரெண்டு பேருமே போயிருப்பாங்க."

வீராசாமி சுவரோரம் குந்தி அழுதான். தேவகிக்கு அழுகை வரவில்லை, பல் கிட்டிப்போயிருந்தது.

மறுநாள் துளசிங்கம் கண்திறந்து தண்ணீர் கேட்டான். தேவகி எடுத்துப் போனாள். நடுக்கத்தில் டம்ளர் அவள் கையில் நிற்கவேயில்லை. வீராசாமிதான் அதை வாங்கி, தம்பியின் தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தான்.