பன்னிரண்டாவது படுக்கை

ஊராரையெல்லாம் காசிக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் திருப்பதியைத் தாண்டாத மனிதர் மயிலாப்பூரில் ஒருவர் இருந்தார். தெற்கு மாட வீதியில் ஒற்றை அறையில் டிராவல்ஸ் நடத்திவந்த சுந்தரராமன். 'சமையல்காரர் உடன் வருவார்' என்பது அவர் போர்டில் கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். முதலில் அடுப்பு, அரிசி, புளி, சமையல்காரர் கிச்சா, அப்புறம்தான் பயணிகள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் தொழில் முறை. பென்ஷன்காரர் பஞ்சாபகேசன் மட்டும் குளக்கரையில் பார்க்கும்போதெல்லாம், "நீர் எங்கேயும் போகலையா ஓய்?" என்பார். சுருக்கென்று தைக்கும்.

1996 சித்திரையில் அதற்கு ஒரு விடிவு வந்தது. தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்த சக்திவேல் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். எதிர்க்கடைக்காரர் சுவிட்சர்லாந்துப் பனியில் நின்று எடுத்த படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டியதிலிருந்து அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

"சாமி, அவன் போக முடியாத எடமாப் பாத்துச் சொல்லுங்க. பென்குவின்னு ஒண்ணு நிக்கும்லா, அது பக்கத்துல குடும்பத்தோட ஒரு படம் எடுக்கணும். கப்பல்ல வேற எவனும் இருக்கப்படாது."

"அண்டார்ட்டிகா! தனிக் கப்பலாவே பேசிடலாம் அண்ணாச்சி," என்றார் சுந்தரராமன், தினமும் பேசுகிறவர்போல.

"நீங்களும் கூட வாங்க. எங்களுக்கு இங்கிலீஷ் ஓடாது."

அன்று சாயங்காலமே நான்கு மாட வீதிக்கும் செய்தி போய்விட்டது. "இந்த டிசம்பர் சீசனுக்கு என்னை சபாவுல தேடாதீங்கோ, தென் துருவத்துல இருப்பேன்" என்று கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். மனைவி ஜலஜா கிளிப்பச்சையில் ஆரஞ்சுக் கோடு போட்டு ஒரு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் பின்னினாள், வாசலில் உட்கார்ந்து, தெருவே பார்க்கும்படி.

மனிதர் உழைத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். லஸ் முனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து லண்டன் கப்பல் ஏஜெண்டுக்கு ஃபேக்ஸ்மேல் ஃபேக்ஸ். அர்ஜென்டினாவின் தெற்கு முனையில் புறப்பாடு, பனிப்பாறைகளுக்கு நடுவே போகிற சொகுசுக் கப்பல், கரையிறங்க ரப்பர் படகு, பயணிகளுக்குப் பன்னிரண்டு படுக்கை. குடும்பத்தார் பத்துப் பேர், போட்டோகிராபர் ஒருவர், பன்னிரண்டாவது சுந்தரராமன். ராகுகாலத்தில் நங்கூரம் எடுக்கக்கூடாது என்று கேப்டனுக்கே எழுதினார். காற்றும் பனியும் விடும்போது கிளம்புவோம் என்று பதில் வந்தது.

புரட்டாசியில் கப்பலின் சாப்பாட்டுப் பட்டியல் வந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்திருந்தால் வம்பே இல்லை. பழக்கம் விடுமா? அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து மீன், மான், ஆடு என்று நிதானமாக வாசித்துக் காட்டினார்.

"சைவம்னு ஒண்ணு போட்டிருக்கான், அது வெறும் தழை. பதினாலு நாள் அதைத் தின்னுண்டு எப்படி இருப்பேள்? நம்ம கிச்சாவை அழைச்சிண்டு போயிடலாம். சமையல்காரர் இல்லாம நான் ஒரு கோஷ்டியையும் அனுப்பினதில்லை."

அண்ணாச்சியின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

லண்டனிலிருந்து சுருக்கமாகப் பதில் வந்தது. தாராளமாக அழைத்து வரலாம், ஓர் அடுப்பை ஒதுக்குகிறோம். ஆனால் கப்பல் ஊழியர் அல்லாத எவரும் பயணியே, பன்னிரண்டுக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற முடியாது.

அப்படியானால் ஒருவர் நிற்க வேண்டும். சின்னப் பேரனுக்குக் குளிர் ஆகுமோ என்று சுந்தரராமன் இழுத்துப் பார்த்தார். போட்டோகிராபர் அவசியமா என்றும் கேட்டார். அண்ணாச்சி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"படத்துக்குத்தானே சாமி போறதே! இங்கிலீசுக்கென்ன, கையக் காட்டிச் சமாளிச்சுக்கிடுவோம். சோத்துக்கு என்ன செய்ய? நீங்கதானே சொன்னிய, சமையல்காரர் இல்லாம ஒருத்தரையும் அனுப்புனதில்லன்னு!"

பன்னிரண்டாவது படுக்கை கிச்சாவுக்குப் போயிற்று. அதோடு விட்டதா? கிச்சாவிடம் கம்பளி உடுப்பு கிடையாது. ஸ்வெட்டரும் குல்லாவும் கிச்சாவின் பெட்டிக்குள் போயின.

மார்கழி வந்தது. ஊர் முழுக்க விடைபெற்றுக்கொண்டவர் சபா வாசலில் எப்படி நிற்பார்? ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஜலஜா தனியாகக் கச்சேரிக்குப் போய், "ஆத்துக்காரர் பனியில இருக்கார்" என்று சொல்லிவிட்டு, அவருக்குக் கேண்டீன் அடையைப் பொட்டலமாக வாங்கி வந்தாள். அதை மென்றுகொண்டே யார் பாடினார், என்ன பாடினார் என்று கேட்டுக்கொள்வார். பாவமாகத்தான் இருந்தது.

தை பிறந்து அவர் வெளியே வருவதற்குள் அண்ணாச்சி கடையில் படம் மாட்டியாகிவிட்டது. பொங்கலுக்குப் பாத்திரம் வாங்கப் போன மயிலாப்பூரே பார்த்துவிட்டது. குடும்பம், பின்னால் பென்குவின்கள், ஓரத்தில் கண் மட்டும் தெரிய மங்கி குல்லாவில் ஒருவர். கப்பலில் கொடுத்த கோட்டுக்கு மேலே கிளிப்பச்சை ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டரைத் தெரியாதவர் யார்?

"படம் பார்த்தேன் ஓய்! சொன்னபடி போயிட்டு வந்துட்டீரே!" என்று பஞ்சாபகேசன் குளக்கரையில் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. சுந்தரராமன் மறுக்கவில்லை. லேசாக இருமி, குளிரைப் பற்றி இரண்டு வார்த்தையும் சொன்னார்.

"எல்லாம் சரி, கையில எதுக்கு ஓய் கரண்டி?"

பெஞ்சில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள். அது கிச்சா என்றால், தான் போகவில்லை என்று ஆகிவிடும்.

"அவாளுக்கு என் கைச் சாம்பார்தான் வேணும்னுட்டா," என்றார் சுந்தரராமன்.

"அப்படியா! இத்தனை நாள் சொல்லவே இல்லையே," என்றார் பஞ்சாபகேசன். "வர்ற ஞாயித்துக்கிழமை எங்காத்துல சீமந்தம். நீரே வந்துடும் ஓய், எழுபது இலைதான்."