காப்புக்கு முந்தின பஸ்

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருப்பவர்கள், தேர் முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. கலெக்டரே சொன்னாலும் இதற்கு மாற்றில்லை. அந்த நேரத்தில் வெளியூரில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டு கிடையாது.

என் தங்கை அப்போது பிளஸ் டூ படித்தாள். தினமும் கீரனூர் போய், அங்கிருந்து திருச்சிக்கு பஸ் பிடித்து டென்னிஸ் ஆடிவிட்டு வருவாள். அந்த வருடம் டெல்லியில் ஒரு பெரிய போட்டி. யாராவது விலகினால்தான் அவளுக்கு இடம்.

"அதெல்லாம் கூப்பிட மாட்டாங்க. நான் திருவிழா பாக்கப் போறேன்" என்றாள். எங்கள் இருவருக்கும் ஒரே நிறத்தில் சுடிதார்கூடத் தைத்தாகிவிட்டது.

காப்பு நாள் மதியம் அம்மா அவள் பையைக் கட்டி வாசலில் வைத்தாள்.

"கீரனூர்ல சின்னம்மா வீட்டுல போயி இரு. கூப்பிட்டா போகணும்ல."

"கூப்பிடாட்டி?"

"தேருக்கு வந்துரு."

பஸ் ஏறும்வரை அழுதாள். டென்னிஸில் ஒரு பக்கம் எத்தனை பேர் நிற்பார்கள் என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் டெல்லியிலிருந்து போன் வந்தது.

அதற்கப்புறம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாட்டுக்காக ஆடினாள். எங்கள் வாயில் நுழையாத ஊர்களிலெல்லாம் கோப்பை வாங்கினாள். அவளுக்குத் தைத்த சுடிதாரையும் நானே போட்டுக் கிழித்தேன்.

ஒவ்வொரு வருடமும் காப்புக்கு முன்னால் அம்மா போன் போட்டு, "இங்கிட்டு வந்துறாத" என்பாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். எங்கள் அம்மாவுக்குப் பித்திலும் ஒரு கணக்கு உண்டு. போனை வைத்துவிட்டு அவள் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்வது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வருடம் தங்கை தோளில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். காப்பு நாள் மதியம் அம்மா அவள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"கெளம்பு, பஸ் வந்துரும்."

தங்கை பையை வாங்கிக் கட்டிலில் வைத்தாள். "இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா. ஆட்டத்த விட்டுட்டேன்."

அம்மா கொஞ்ச நேரம் அவள் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள். கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது.

"அப்ப குளிச்சிட்டு வா. காப்புக் கட்டப் போறாங்க" என்றாள்.